பிரெட்டன் பேர்கள்: எங்க இருந்து வந்துச்சு, என்ன அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யான், எர்வான், நொல்வென், மாலோ, தாங்கி, கொரொந்தான். பிரெஞ்சு ஃபுட்பால் பாக்குறவங்களுக்கும் பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்குறவங்களுக்கும் இந்தப் பேர்கள்ல குறைஞ்சது நாலு காதுல விழுந்திருக்கும். இதெல்லாம் பிரெஞ்சுப் பேர்னு தான் எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா இதுங்க வேற மொழியோட சொத்து. பேபி நேம் சைட்டுகள்ல இதுக்கு என்னென்னமோ அர்த்தம் போட்டு வச்சிருக்காங்க, பாதிக்கு மேல கற்பனை. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

பிரெட்டன்னா பிரிட்டிஷா?

இல்ல, ஆனா உறவு உண்டு. பிரான்ஸோட மேற்கு ஓரத்துல அட்லாண்டிக் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற பகுதி பிரிட்டனி, அவங்க மொழியில ப்ரெய்ஸ். 5, 6-ஆம் நூற்றாண்டு வாக்குல இன்னைக்கு வேல்ஸ், கார்ன்வால்னு சொல்ற பக்கத்துல இருந்து கெல்டிக் ஜனங்க கடல் தாண்டி வந்து இங்க குடியேறினாங்க, வரும்போது மொழியையும் கொண்டு வந்தாங்க, சாமியார்களையும் கூட்டிட்டு வந்தாங்க. அதனால பிரெட்டன் மொழிக்கு நெருங்கின சொந்தம் கார்னிஷும் வெல்ஷும் தான், பிரெஞ்சு இல்ல. பிரிட்டனி பிரான்ஸோட அதிகாரபூர்வமா சேர்ந்ததே 1532-ல தான், அதுக்கு முன்னாடி தனி டச்சி, அதாவது ஒரு டியூக் ஆண்ட நாடு.

இந்தப் பேர்கள் எல்லாம் எங்க இருந்து கிளம்புது?

பழைய கெல்டிக் கூட்டுப்பேர்கள் ஒரு வகை, ரெண்டு சொல்லை ஒட்டி ஒரு பேர், பெரும்பாலும் போர்வீரன், ராஜான்னு கம்பீரமா இருக்கும். பைபிள் பேர்களும் லத்தீன் பேர்களும் பிரெட்டன் வாய்ல உருண்டு வந்தது இன்னொரு வகை, ஜான் யான் ஆனது, கேத்தரின் கத்தெல் ஆனது, சாலமோன் சலாவுன் ஆனது எல்லாம் இப்படித்தான். மூணாவது புதுசு, பூ, நட்சத்திரம்னு சாதாரண வார்த்தையையே பேரா வைக்கிறது. ரொசென்னா ஒரு ரோஜா, ஸ்தெரென் நட்சத்திரத்துல இருந்து வந்தது.

நிறைய பேர்ல "குவென்", "வென்"னு வருதே, அது என்ன?

குவென்னா வெள்ளை. ஆனா வெறும் நிறம் மட்டும் இல்ல, தூய்மை, புனிதம், ஆசீர்வதிக்கப்பட்டதுன்னு எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. பிரெட்டன் பேர்கள்ல இந்த ஒரு சொல்லைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதிப் பேர் புரிஞ்சிடும். குவென் கூட "தால்" அதாவது நெத்தி சேர்ந்தா குவெந்தால், வெளுத்த நெத்திக்காரன். "மாயெல்" அதாவது இளவரசன் சேர்ந்தா குவென்வாயெல். "ஹாயெல்" அதாவது தாராள மனசு சேர்ந்தா குவெனாயெல்.

இப்ப மாயிவென், நொல்வென் இதுல எல்லாம் முன்னாடி இருக்குற "கு" எங்க போச்சுன்னு கேப்பீங்க. நம்ம தமிழ் இலக்கணத்துல சொற்புணர்ச்சின்னு படிப்போமே, அது மாதிரி தான், ஆனா ஒரு வித்தியாசம், நம்ம ஊர்ல மரம் கிளையோட சேர்ந்தா மரக்கிளைன்னு நடுவுல மாறும், பிரெட்டன்ல பின்னாடி வர்ற சொல்லோட முதல் எழுத்தே மாறிடும். பெண்பால் சொல்லுக்குப் பின்னாடி குவென் வந்தா வென் ஆயிடும். மாயின்னா மரி, அதோட குவென் சேர்ந்து மாயிவென். நொல்வென்ல முன்னாடி இருக்குறது நோயால்ங்கற பெண் துறவியோட பேர். கதைப்படி அவங்க கல்யாணம் வேண்டாம்னு பிரிட்டன்ல இருந்து கடல் தாண்டி வந்தவங்க, தலையை வெட்டின பிறகும் அந்தத் தலையைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து போயி இன்னைக்கு நோயால் போந்திவின்னு சொல்ற ஊர்ல அடங்கினாங்களாம். அப்ப நொல்வென்னா "புனித நோயால்"னு எடுத்துக்கலாம். 2002-ல ஸ்டார் அகாடமி டிவி ஷோவுல நொல்வென் லெருவாங்கற பாட்டுக்காரங்க ஜெயிச்ச பிறகு பிரான்ஸ் பூரா இந்தப் பேர் பரவிடுச்சு.

குவெனாயெல்னா வெள்ளை தேவதைன்னு போட்டிருக்காங்க, சரியா?

தப்பு. பிரெட்டன்ல தேவதூதருக்கு "ஏல்"ங்கற சொல் உண்மையிலயே இருக்கு, லத்தீன் ஆஞ்செலுஸ்ல இருந்து வந்தது, ஏலிக் மாதிரி சில பேர்கள் அதுல இருந்து வந்தது தான். ஆனா குவெனாயெல்ல இருக்குறது தேவதை இல்ல, மேல சொன்ன ஹாயெல், தாராளம். அந்தக் காலத்துல ஒரு தலைவனுக்கு முக்கியமான குணமே அள்ளிக் கொடுக்குறது தானே, அதனால தான் அரசர் பேர்கள்ல இது நிறைய வரும். 7-ஆம் நூற்றாண்டுல ஜூதிகாயெல்னு ஒரு ராஜா இருந்தார், அவர் பேர்லயும் அதே ஹாயெல் தான். மிக்காயெல்ல இருக்குற "எல்" எபிரேய மொழியில கடவுள், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. மாயெல்ல இருக்குறது இளவரசன். ஒரே மாதிரி முடியுற மூணு பேருக்கு மூணு வேர், இதைத்தான் பேபி நேம் சைட்டுகள் எல்லாம் ஒண்ணா கொழப்பி தேவதைன்னு முடிச்சிடுறாங்க.

நாய், கரடின்னு எல்லாம் பேர் வைப்பாங்களா?

வைப்பாங்க, பெருமையா வைப்பாங்க. தாங்கிங்கற பேர்ல "தான்"னா நெருப்பு, "கி"னா நாய். நாய்னா திட்டு கிடையாது, பழைய கெல்டிக் உலகத்துல வேட்டைநாய் தான் வீரனுக்கு அடைமொழி, அயர்லாந்துக் கதைகளோட பெரிய வீரன் கூ ஹுலினோட பேர்லயே "கூ" அந்த வேட்டைநாய் தான். அப்ப தாங்கின்னா நெருப்பு வீரன். பாவம், 2001-ல இதே பேர்ல ஒரு பிரெஞ்சுப் படம் வந்துச்சு, வளர்ந்தும் அப்பா அம்மா வீட்டை விட்டுப் போகாத பையனைப் பத்தி, அதுக்கு அப்புறம் பிரெஞ்சுல "தாங்கி"ன்னாலே அப்படிப்பட்ட ஆள்னு ஒரு பொதுச்சொல்லாவே ஆயிடுச்சு. இவ்வளவு கம்பீரமான பேருக்கு இது நடந்திருக்க வேண்டாம்.

கரடின்னா "ஆர்ஸ்", பழைய வடிவத்துல ஆர்த். கரடி கூட இளவரசன் சேர்ந்து ஆர்த்மாயெல், அது தேய்ஞ்சு ஆர்மெல், பொண்ணுக்கும் அதே ஆர்மெல், எழுத்துல மட்டும் கொஞ்சம் வித்தியாசம். ப்ளோஎர்மெல்னு ஒரு ஊர் இருக்கு, "ப்ளூ"ன்னா திருச்சபைப் பங்கு, அதாவது ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர், ஆர்மெலோட பங்குன்னு அர்த்தம். எர்வேங்கற பேர்ல இரும்பு இருக்கு, இரும்பைப் போல ஜொலிக்கிறவன்னு விளக்கம் சொல்வாங்க. ரொனான் மட்டும் அயர்லாந்துச் சொல், கடல்நாய்க்குட்டி, அதாவது சீல் குட்டி.

இத்தனை பேர் துறவிகளா? நாம கேள்விப்பட்டதே இல்லையே?

பெரும்பாலானவங்களை ரோம் முறைப்படி புனிதர்னு அறிவிச்சதே கிடையாது, ஜனங்க தான் அறிவிச்சுக்கிட்டாங்க. கடல் தாண்டி வந்து ஒரு இடத்துல குடிசை போட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சவர் அந்த ஊருக்குப் புனிதர், அவர் பேரே ஊருக்கும் பேர். லொக்ரொனான்னா ரொனானோட புண்ணிய இடம். அங்க 6 வருஷத்துக்கு ஒரு தடவை சுமார் 12 கிலோமீட்டர் சுத்தி பெரிய ஊர்வலம் போவாங்க, கடைசியா 2025-ல நடந்துச்சு.

ஏழு பேரை மட்டும் பிரிட்டனியை நிறுவின புனிதர்கள்னு தனியா வச்சிருக்காங்க: சாம்சோன், மாலோ, ப்ரியெக், துக்துவால், பொல் ஒரேலியான், கொரொந்தான், பதெர்ன். இந்த ஏழு பேரோட கதீட்ரல் ஊர்களையும் சுத்தி வர்ற யாத்திரைக்கு த்ரோ ப்ரெய்ஸ்னு பேர். கொரொந்தான் கெம்பேர் ஊரோட புனிதர், அவர் கிட்ட ஒரு மீன் இருந்துச்சாம், தினமும் ஒரு துண்டு வெட்டி சாப்பிட்டுட்டு திருப்பித் தண்ணியில விட்டா மறுநாள் முழுசா வளர்ந்திருக்குமாம். கார்னோஎட்ங்கற ஊர்ல 2009-ல இருந்து ஒரு குன்று மேல இந்தப் புனிதர்களுக்கு எல்லாம் கருங்கல்லுல ஆளுயரத்தை விடப் பெரிய சிலை செதுக்கி நிறுத்திக்கிட்டு வர்றாங்க, ஆயிரம் சிலை நிறுத்தணும்னு ஆசை. பிரெட்டன் பேர்கள் மேல ஆர்வம் இருக்குறவங்களுக்கு அது ஒரு கல் அகராதி.

பெண் பேர்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அசெனோரோடது. ப்ரெஸ்ட் கோட்டைப் பிரபுவோட பொண்ணு, மாற்றாந்தாய் பழி சுமத்தி, கர்ப்பிணியா இருந்தவளைப் பீப்பாய்ல அடைச்சு கடல்ல தள்ளிட்டாங்க, அந்தப் பீப்பாய்க்குள்ளேயே குழந்தை பிறந்து அயர்லாந்துக் கரையில ஒதுங்கினாங்கன்னு கதை. குழந்தை பேர் புதொக், அதுல இருக்குற "புத்"னா வெற்றி. ப்ரெஸ்ட் கோட்டையில ஒரு கோபுரத்துக்கு இன்னைக்கும் அசெனோர்னு தான் பேர்.

சலாவுன் கதையும் சொல்லிடுறேன். 14-ஆம் நூற்றாண்டுல காட்டுல ஒரு மரத்தடியில வாழ்ந்த எளிய மனுஷன், ஊரே பைத்தியம்னு கூப்பிட்டுச்சு, அவனுக்குத் தெரிஞ்சது "ஆவே மரியா" ஒண்ணு தான். செத்த பிறகு புதைச்ச இடத்துல ஒரு லில்லிப்பூ முளைச்சுச்சாம், தோண்டிப் பார்த்தா வேர் அவன் வாய்ல இருந்துச்சாம். அங்க கட்டின கோயில் தான் ஃபொல்கோவெட், "காட்டுப் பைத்தியம்"னு அர்த்தம்.

எர்வானும் ஈவும் ஒரே பேரா?

ஆமா. பிரெஞ்சுல ஈவ், பிரெட்டன்ல எர்வான், யுவென், பழசுல எயோசென். வேர் ஜெர்மானிக், யூ மரம்னு சொல்வாங்க. ஆனா பேர் பிரபலமானது மரத்தால இல்ல, ஒரு வக்கீலால. த்ரெகியே பக்கத்துல கெர்மார்த்தான்ல 1253 வாக்குல பிறந்த ஈவ், ஏழைகளுக்குக் காசு வாங்காம வாதாடினவர், 1303-ல இறந்தார், 1347-ல போப்பே புனிதர்னு அறிவிச்சார். அவரைப் பத்தி லத்தீன்ல ஒரு பழைய பாட்டு இருக்கு, "பிரெட்டன்காரர், வக்கீல், ஆனா திருடர் இல்ல, ஜனங்களுக்கு ஒரே ஆச்சரியம்"ங்கற கருத்துல. மே 19 அவர் திருநாள், த்ரெகியேவுல அதையொட்டி நடக்குற ஊர்வலத்துல வக்கீல்கள் அங்கியோட வந்து நடப்பாங்க.

யானிக் சின்னர் பிரெட்டன் பேரா?

இல்லைங்க. டென்னிஸ் யானிக் சின்னரோடது ஜெர்மன், டேனிஷ் பக்கத்து வடிவம், அங்கயும் ஜான்ல இருந்து தான் வருது. பிரெட்டன் யானிக்ங்கறது யானோட செல்லப்பேர், "இக்"னு சேர்த்தா "குட்டி"ன்னு அர்த்தம். பிரெஞ்சு டென்னிஸ் வீரர் யானிக் நோவாவோட யானிக் இந்த வகை. ஏஐ விஞ்ஞானி யான் லெகுன் பேர்ல யான் மட்டும் இல்ல, குடும்பப் பேரும் பிரெட்டன் தான், லெ குன்ஃப்ங்கறது தேய்ஞ்சு வந்தது, நல்ல குணசாலின்னு அர்த்தம்.

வேற செல்லப்பேர்கள்?

பிரெட்டன் கிராமத்துல ஞானஸ்நானப் பேர் ஒண்ணு, வாய்ல வர்ற பேர் ஒண்ணு. பிரான்சேஸ்ங்கற பேருக்கு ஃபாஞ்ஷ், அதோட பெண்பாலுக்கு சுவாஸ், இன்னும் செல்லமா சுவாசிக். ஜோசப்புக்கு ஜோப், இதைப் பார்த்து பைபிள்ல வர்ற யோபுன்னு நினைச்சிடாதீங்க. அன்னாவுக்கு அன்னாயிக். அன்னாங்கற பேருக்கு பிரிட்டனியில தனி மரியாதை, மாதாவோட அம்மா புனித அன்னம்மாள் தான் அந்த மண்ணோட பாதுகாவலி, அது போக ரெண்டு பிரெஞ்சு ராஜாக்களைக் கட்டிக்கிட்ட பிரிட்டனி டச்சஸ் ஆன், 1477-ல இருந்து 1514 வரைக்கும் வாழ்ந்தவங்க, அவங்களையும் யாரும் மறக்கல.

லொயிக்?

லூயின்னு ஒரு கட்சி, பிரெஞ்சுல கியோம்னு சொல்ற வில்லியம் பேரோட செல்லவடிவம்னு ஒரு கட்சி. முடிவு ஆகல.

நம்ம ஊர்ல புழங்குற பேர்கள் ஏதாவது அங்க இருந்து வந்ததா?

இருக்கு, இது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ஜாய்ஸ்னு தமிழ் கிறிஸ்தவக் குடும்பங்கள்ல எத்தனையோ பெண்கள் இருக்காங்க, ஜாய்னா சந்தோஷம், அதுல இருந்து வந்த பேர்னு நினைச்சுக்கிறாங்க. அசல் வேர் ஜூதொக். மேல சொன்ன ஜூதிகாயெல் ராஜாவோட தம்பி, அரியணை வேண்டாம்னு போயி துறவி ஆனவர், பிரெஞ்சுல ஜோஸ். அந்தப் பேர் இங்கிலாந்துக்குப் போயி முதல்ல ஆம்பளைப் பேரா இருந்து, பல நூற்றாண்டு கழிச்சு பெண் பேரா மாறிடுச்சு. ஹார்வி, ஆலன் ரெண்டும் 1066-ல வில்லியம் இங்கிலாந்தைப் பிடிச்சப்ப கூடப் போன பிரெட்டன் வீரர்களால அங்க பரவினது. ஹார்வி வேற யாரும் இல்ல, நம்ம எர்வே தான். ஜெனிஃபர் பிரெட்டன் இல்ல, கார்னிஷ் வழியா வந்தது, ஆனா அதுக்குள்ள இருக்குறதும் அதே குவென் தான்.

புதுச்சேரிக்கும் பிரிட்டனிக்கும் தொடர்பு உண்டுன்னு சொல்றாங்களே?

நேரடித் தொடர்பு. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666-ல உண்டாக்கின துறைமுகம் லோரியான், அது பிரிட்டனியில தான் இருக்கு, ஊர் பேருக்கே கிழக்குன்னு தான் அர்த்தம், புதுச்சேரிக்குக் கப்பல் அங்க இருந்து கிளம்பும். 1746-ல சென்னைக் கோட்டையைப் பிடிச்ச மாஹே த லா பூர்தொனே 1699-ல சேன் மாலோவுல பிறந்தவர். மாஹேங்கறது மத்தேயு பேரோட மேற்குப் பக்கத்து வடிவம்னு தான் பெரும்பாலும் சொல்வாங்க, இப்ப பிரான்ஸ்ல பசங்களுக்கு முதல்பேராவும் வைக்கிறாங்க. செய்ஷெல்ஸ்ல இருக்குற மாஹே தீவுக்கு அவர் பேர் தான். சேன் மாலோ ஊருக்குப் பேர் குடுத்த மாலோவோட பழைய வடிவம் மாஹ்லூ, ஒளியோட பிணைன்னு பிரிச்சு சொல்றாங்க.

இந்தப் பேர்களை வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சா?

இருந்துச்சு. 1803-ல வந்த சட்டம், காலண்டர்ல இருக்குற பேர், பழைய சரித்திரத்துல வர்ற பெரிய மனுஷங்க பேர், இதை மட்டும் தான் பதிவு பண்ணலாம்னு சொல்லுச்சு. பிரெட்டன் புனிதர்கள் பாதிப் பேர் அந்த காலண்டர்ல கிடையாது. அதனால வீட்டுல யான், பள்ளிக்கூடத்துல ஜான்னு தலைமுறை தலைமுறையா ரெண்டு பேரோட வாழ்ந்தாங்க. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஒரு குடும்பம் தங்களோட 12 பிள்ளைகளுக்கும் பிரெட்டன் பேர் தான் வைப்போம்னு நின்னுச்சு, அதுல பல பேரை அதிகாரிங்க பதிவு பண்ண மறுத்துட்டாங்க. பதிவு இல்லைன்னா அடையாள அட்டை கிடையாது, அரசு உதவித்தொகை கிடையாது, சட்டத்துக்கு முன்னாடி அந்தப் பிள்ளைங்க இல்லவே இல்லாத மாதிரி. மறுக்கப்பட்ட பேர்கள்ல குவெந்தாலும் மாயிவென்னும் உண்டு, இன்னைக்கு பிரான்ஸ்ல யார் வேணா வைக்கிற சாதாரணப் பேர்கள். வருஷக்கணக்கா கோர்ட்டு கோர்ட்டா ஏறினாங்க. 1966-ல வட்டாரப் பேர்களுக்குக் கொஞ்சம் வழி விட்டாங்க, 1993 ஜனவரியில வந்த சட்டம் தான் பேரைத் தேர்ந்தெடுக்குற உரிமையைப் பெத்தவங்களுக்கே குடுத்துச்சு. இன்னைக்கு ஒரு குழந்தைக்கு லேசா ஒரு பிரெட்டன் பேர் வைக்கிறவங்க, இது ஒரு குடும்பம் பிள்ளைங்களோட வாழ்க்கையையே பணயம் வச்சு வாங்கின உரிமைன்னு தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அப்ப பிரச்சனை தீர்ந்துச்சா?

பேர் வைக்கிற பிரச்சனை தீர்ந்துச்சு, எழுதுற பிரச்சனை தீரல. 2017-ல கெம்பேர்ல பிறந்த ஒரு குழந்தைக்கு ஃபாஞ்ஷ்னு பேர் வச்சாங்க, அதை பிரெட்டன்ல எழுதும்போது "N" எழுத்துக்கு மேல ஒரு சின்ன அலைக்கோடு வரும். அது ஸ்பானிஷ் மாதிரி "ஞ" சத்தம் குடுக்கறதுக்கு இல்ல, முன்னாடி இருக்குற உயிரெழுத்தை மூக்கால சொல்லணும்னு காட்டுறதுக்கு. பிரான்ஸ் அரசு 2014-ல வெளியிட்ட குறிப்பெழுத்துப் பட்டியல்ல அந்த எழுத்து இல்லைன்னு கெம்பேர் கோர்ட்டு மறுத்துடுச்சு, நாட்டோட ஒற்றுமைன்னு எல்லாம் பெரிய காரணம் சொன்னாங்க. 2018 நவம்பர்ல ரென் நகரத்து அப்பீல் கோர்ட்டு, அலைக்கோடு பிரெஞ்சுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுமதிச்சுது. 2021-ல பிராந்திய மொழிச் சட்டம் ஒண்ணு இந்தக் குறியெழுத்துகளைப் பொதுவாவே அனுமதிக்கப் பார்த்துச்சு, சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒத்துப்போகுதான்னு பாக்குற அரசியல் சாசனக் கவுன்சில் அந்தப் பகுதியை அடிச்சுத் தள்ளிடுச்சு. ஒரு கோடு தானேன்னு விட முடியாது, கோடு இல்லைன்னா அது வேற உச்சரிப்பு, அதாவது வேற பேர்.

பேர்கள் பரவுது, மொழி?

இங்க தான் வலிக்குது. 20-ஆம் நூற்றாண்டு நடுவுல பத்து லட்சத்துக்கும் மேல பேசின மொழி, இப்ப ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், அதுலயும் பெரும்பாலும் வயசானவங்க. பள்ளிக்கூடத்துல பிரெட்டன் பேசினா கழுத்துல ஏதாவது ஒரு பொருளை மாட்டி அவமானப்படுத்தின காலம் ஒண்ணு இருந்துச்சு, அடி வாங்கினவங்க தங்கள் பிள்ளைங்களுக்கு அந்த மொழியைக் கத்துக்குடுக்கவே இல்ல. 1977-ல ஆரம்பிச்ச திவான் பள்ளிகள் பிரெட்டன்லயே பாடம் நடத்தி இப்பவும் போராடிக்கிட்டு இருக்கு. ஆனா பேர்கள் எல்லை தாண்டிப் போயிடுச்சு. ஃபுட்பால் வீரர் தாங்கி எந்தொம்பெலேவோடது காங்கோ வழி வந்த குடும்பம், 2018 உலகக் கோப்பை ஜெயிச்ச கொரொந்தான் தொலிசோவோட அப்பா டோகோ நாட்டுக்காரர், செல்சி டீம்ல மாலோ குஸ்தோ. பிரெட்டன்ல ஒரு வார்த்தை தெரியாத ஸ்டேடியத்துல பல்லாயிரம் பேர் சேர்ந்து ஒரு பிரெட்டன் பேரைக் கத்துறாங்க.

பிரெட்டன்னு சொல்லி விக்கிற போலிப் பேர்கள் எது?

கெவின் அயர்லாந்து. தித்துவான் தெற்கு பிரான்ஸ் ஓக்சிதான் மொழியில அந்தோனியோட செல்லப்பேர். "கெல்டிக்"னு மொட்டையா போட்டிருந்தா நம்பாதீங்க, அயர்லாந்தா, வேல்ஸா, பிரிட்டனியான்னு கேளுங்க.

எப்படி உச்சரிக்கணும், தமிழ்ல எப்படி எழுதலாம்?

பிரெட்டன்ல பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில தான் அழுத்தம். யான்ல கடைசி "ன்" தெளிவா கேக்கணும், பிரெஞ்சு ஜான் மாதிரி மூக்குக்குள்ள போகக் கூடாது. மாயெல், குவெனாயெல்ல "E" எழுத்து மேல ரெண்டு புள்ளி இருக்கும், ரெண்டு உயிரையும் தனித்தனியா சொல்லுன்னு அர்த்தம், அதனால தமிழ்ல "மேல்"னு எழுதாம "மாயெல்"னு எழுதுறது கிட்டக்க வரும். ரொசென், சுவாசிக்ல வர்றது ஜவும் இல்ல சவும் இல்ல, தமிழ்ல அதுக்கு எழுத்து இல்ல, ச போட்டுட்டு சொல்லும்போது வண்டு ரீங்காரம் போல அதிர விடுங்க. குழந்தைக்கு வைக்கிறதா இருந்தா, பதிவு பண்றதுக்கு முன்னாடி பிரெட்டன் எழுத்துமுறை, பிரெஞ்சு எழுத்துமுறை ரெண்டையும் எழுதிப் பார்த்து எது வேணும்னு முடிவு பண்ணிக்கோங்க, ஏன்னா யானிக் ஒண்ணே பிரெட்டன்ல ஜி போட்டு முடியும், பிரெஞ்சுல சி, கே போட்டு முடியும், அப்புறம் பாஸ்போர்ட்ல ஒண்ணு, ஸ்கூல் சர்டிஃபிகேட்ல ஒண்ணுன்னு ஆயிடும்.